உக்சம் தைத்த உறை

கொல்லத் தெருவில் ஊசி விற்காதே என்று பழமொழி உண்டு. கொல்லனே ஊசி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனால் என்ன சொல்வது என்று எந்தக் கிழவனும் சொல்லிவைக்கவில்லை. உக்சம் போனான். தலைத்துணியைக் கண் வரைக்கும் இழுத்துச் சுற்றிக்கொண்டுதான் போனான். அப்படியும் பாலைவனத்துத் தமன்ராசெத் கடைத்தெருவில் யாருக்கும் அவனைத் தெரியாமல் போகவில்லை. சம்மட்டி தூக்கித் தூக்கி ஒரு பக்கம் இறங்கிப்போன அந்தத் தோளை மூடுகிற துணி இன்னும் நெய்யப்படவில்லை.

"வாய்யா உக்சம்! அரம் வேணுமா, உப்புத்தாளா?" என்றான் கடைக்காரன் பாகிர். வடக்கேயிருந்து வந்து இருபது வருஷமாகக் கடை போட்டிருப்பவன். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதுகூட அவனுக்குத் தெரியும்.

"தோல் தைக்கிற சாமான்."

"கெல்லாவுக்கா? அவ வந்தா என்னை நாலு திட்டு திட்டி அவளே பொறுக்கி எடுத்துட்டுப் போவாளே."

"எனக்குய்யா."

பாகிர் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தான். "உனக்கா? ஏன், அடுத்து ஆட்டுப்பால் கறக்கவும் கிளம்பிடுவியா?"

அந்தச் சீமையில் இரும்பு ஆணின் கை, தோல் பெண்ணின் கை. கத்தியைக் கொல்லன் அடிப்பான், உறையை அவன் பெண்டாட்டி தைப்பாள். தோல் தைக்கிற சாமான் பை அவளுடைய சொத்து. கட்டில் கம்பளத்தோடு கல்யாணச் சீராக வந்தது, அவள் கிளம்பினால் அவளோடு கிளம்பிவிடும். மூன்று நாளைக்கு முன்னால் அதுதான் கிளம்பிப்போயிருந்தது.

வினை, வழக்கம்போல, வாயால் வந்தது. ஒட்டகக்காரர் வீட்டுப் பையன் அமாஸ்தானுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளைக் கத்தி உக்சமின் பட்டறையில்தான். பழைய லாரியின் வில்பட்டை இரும்பில் அடித்து, இரண்டு பக்கமும் கூர் தீட்டி, முகம் பார்க்கலாம் போல மெருகேற்றி வைத்திருந்தான். பார்க்க வந்த அமாஸ்தான் கத்தியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, உக்சமின் இடது முன்கையில் கட்டியிருந்த அவனுடைய சொந்தக் கத்தியின் உறையைப் பார்த்து வாயைப் பிளந்தான். "அண்ணே, இந்தப் பச்சைச் சாயத்தோல் வேலை யாரு? இதே மாதிரி எனக்கும் வேணும்." கத்தியைப் பற்றி ஒரு சொல் இல்லை. உக்சமுக்குச் சுருக்கென்றது. "உறை என்னடா பெரிய உறை! கத்திக்குக் கட்டின பாவாடை. ஊசி பிடிக்கத் தெரிஞ்ச எவனும் தைப்பான்" என்றான்.

திரைக்கு அந்தப் பக்கம் தோலை நீவிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி கெல்லா எழுந்து வந்தாள். கத்தவில்லை. அவள் கத்தினால் பிழைத்துக்கொள்ளலாம், கத்தாவிட்டால்தான் ஆபத்து.

"எவனும் தைப்பானா? அப்ப நீயே தை."

"தைக்கிறேன், என்ன இப்போ?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள தை. முடியலைன்னா கல்யாணத்துல, எல்லார் பேரையும் சொல்லிக் கூவுறியே, அப்ப ஊரே கேக்க இதையும் கூவணும்: 'கெல்லா இல்லாம என் கத்தி அம்மணம்'னு."

"கூவுறேன்டி. ஆனா நான் தைச்சுட்டா?"

"தைச்சுட்டா அம்மா வீட்டுலேருந்து நானே வந்து உன் துருத்தியை ஊதுறேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். தோலை மட்டும் விட்டுப் போனாள். எடுத்துப் போயிருந்தால் அவனுக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கும், அதைக் கொடுக்க அவளுக்கு மனசில்லை.

அமாஸ்தான் சும்மா இருப்பானா? பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கல்யாண வீட்டில் எழுந்து நின்று பெரிய மனிதர்களின் கஞ்சத்தனத்தையும் தொப்பையையும் கூவிச் சிரிக்கவைக்கக் கொல்லனுக்கு உரிமை உண்டு. அடுத்தவன் மானத்தைச் சந்தியில் இழுக்கிற வாய், தன் மானத்தை இழுக்கவேண்டி வந்தால் என்ன ஆகும்? உயிர் போனாலும் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று முடிவு கட்டித்தான் உக்சம் பாகிரின் கடைக்கு வந்திருந்தான்.

பாகிர் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் திறந்தான். உள்ளே கல்யாணப் பெண்ணின் நகைப்பெட்டி மாதிரி ஒவ்வொன்றும் ஒவ்வொரு குழியில் மினுமினுத்தது. பூ அச்சு, இலை அச்சு, பல் வைத்த சக்கரம், ஓட்டை போடுகிற குழாய்கள், வளைந்த கத்தி, நேர்க்கத்தி, என்னவென்றே தெரியாத இன்னும் பத்து. "மொத்தமா எடுத்துக்க. இதுல இல்லாத சாமானே இல்ல."

உக்சம் நேர்க்கத்தியை எடுத்து நகத்தால் சுண்டினான். சத்தம் செத்துக் கிடந்தது. ஓரத்தை இன்னொரு கத்தியால் லேசாகக் கீறினான். சீவல் வெண்ணெய் போல வந்தது. "இது இரும்பு இல்லய்யா, பழைய டப்பா."

"தோலைத்தானே வெட்டப் போறே, பாறையையா?"

உக்சம் கத்தியைத் திரும்பக் குழியில் வைத்தான். பெட்டியைப் பார்த்துக்கொண்டே, கெல்லாவின் மடியில் என்னென்ன இருக்கும் என்று யோசித்தான். ஒரு சின்னக் கத்தி. ஒரு குத்தூசி. ஊசிகள். தேன்மெழுகு உருண்டை. தோலை நீவுகிற ஒட்டக எலும்பு. வெட்டுவதற்கு ஒரு மரப்பலகை. அவ்வளவுதான். பூ அச்சு இல்லை, சக்கரம் இல்லை. சரி, அந்தக் குத்தூசியின் முனை எப்படி இருக்கும்? உருண்டையா, தட்டையா? பதினோரு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். கண்ணை மூடிப் பார்த்தான். அவள் கை தெரிந்தது, மருதாணி தெரிந்தது, குத்தூசியின் முனை மட்டும் தெரியவே இல்லை. அவனுக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

"ஊசி ரெண்டு கொடு, முனை மழுங்கினது. நல்ல நூலு ஒரு உருண்டை. தேன்மெழுகு. போதும்."

"குத்தூசி வேணாமா?"

"நான் கொல்லன்யா. குத்தூசியையும் உன்கிட்ட வாங்கினா என் அப்பன் குழியிலேருந்து எழுந்து வந்து என்னை அடிப்பான்."

பட்டறைக்கு வந்து, வில் இரும்பில் மிச்சமிருந்த துண்டைக் காய்ச்சினான். கத்தியும் குத்தூசியும் அவனே அடித்தான். கைக்கு அடங்குகிற கத்தி, தீட்டிய தீட்டில் கையிலிருந்த மயிர் உதிர்ந்தது. குத்தூசி இன்னும் ஜோர். தடிமனாக, உருண்டையாக, முனை நட்சத்திரம் போல மின்ன. தகரத்தில் வைத்துத் தட்டினான், இறங்கியது. இரும்பைத் துளைத்துப் பழகியவனுக்கு ஓட்டை என்றாலே வட்டம்தான். மரப்பலகை இருந்தது. எலும்புக்கு, முந்தின நாள் கறிச்சோற்றில் கிடந்த ஆட்டுத் தொடையெலும்பைத் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டான்.

முதல் உறை சாயங்காலத்துக்குள் செத்தது. வரிசையாக ஓட்டை போட்டான், நெருக்கி நெருக்கி, அழகாக. நூலை இழுத்தான். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே இருந்த தோல் சரசரவென்று கிழிந்து, ஓரம் மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. கையில் ஒரு நீளமான தோல் கயிறும் மடியில் ஒரு கந்தலும் மிஞ்சின.

இரண்டாவது உறைக்கு, தோலை நனைத்தான். நனைத்தால் இளகும், கத்தியின் வடிவத்துக்குப் படியும் என்று அவள் செய்யப் பார்த்த ஞாபகம். ஈரத்தோலைக் கத்தி மேல் அழுத்தி எலும்பால் நீவி, கல்லை ஏற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போனான். விடிந்து பிரித்தால், முகம் பார்க்கிற மெருகில் செம்புள்ளி. துரு! வருஷத்துக்கு ஒருமுறை மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஊர்க் கொல்லனுக்குத் தண்ணீரை நினைத்துப் பயப்படத் தெரியாது. மாப்பிள்ளைக் கத்தியில் துருப் பிடித்த கொல்லன் என்று பெயர் வாங்கப் பார்த்தாயே பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, அரை நாள் உட்கார்ந்து தேய்த்தான். அடுத்த முறை கத்திக்கு வெண்ணெய் பூசித் துணி சுற்றியபிறகுதான் ஈரத்தோலைத் தொட்டான்.

குத்தூசியையும் திரும்ப உலையில் போட்டான். அடித்த பெருமையெல்லாம் பார்க்கவில்லை. உருண்டை முனையைத் தட்டையாக்கி, இரண்டு ஓரத்திலும் கூர் வைத்து, மெலிசாக இழுத்தான். இப்போது அது தோலில் வட்டம் போடவில்லை, சின்னக் கீறல் போட்டது. ஊசி நுழைந்ததும் கீறல் மூடிக்கொண்டு நூலைக் கவ்வியது. உக்சம் தனியாக உட்கார்ந்து, "ஆகா" என்றான். நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, மெழுகு தேய்த்து, ஒரே கீறலில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தைத்தான். விரல் நுனியெல்லாம் குத்துப்பட்டு எரிந்தது. விடவில்லை.

வியாழக்கிழமை காலையில் அகாலி வந்தான். தாய்மாமன் மகன். கேலி செய்வது அவன் பிறப்புரிமை, அதில் அவன் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

"என்ன மச்சான், தைச்சு முடிச்சாச்சா? காதுல தோடு மட்டும்தான் பாக்கி."

"கண்ணைத் திறந்து பாருடா." உக்சம் மாப்பிள்ளைக் கத்தியின் உறையைத் தன் இடது முன்கையில் வளையத்தோடு மாட்டினான். கைப்பிடி மணிக்கட்டுப் பக்கம், நுனி முழங்கைப் பக்கம், எல்லாரும் கட்டுகிற மாதிரி. "எப்படி?"

அகாலி குனிந்து பார்த்தான். "கோணல்தான். ஆனா உறைன்னு சொன்னா நம்பலாம்."

"இப்ப பாரு." உருவினான், சொருகினான். உருவினான், சொருகினான். ஒவ்வொரு தடவையும் கத்தி வழுக்கிக்கொண்டு வந்தது. அகாலி கையைத் தட்டினான். உக்சமுக்கு ஏறிவிட்டது. கல்யாணத்தில் வாள் சுழற்றுகிறவன் மாதிரி விர்ரென்று உருவி, விர்ரென்று சொருகினான்.

கையில் சுள்ளென்றது. கத்தியின் முனை உறையின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு வெளியே நின்றது. முன்கையில் ரத்தம் சட்டைக் கையை நனைத்தது.

அகாலி சிரிக்கத்தான் வாயைத் திறந்தான், ரத்தத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். தன் தலைத்துணியின் நுனியைக் கிழித்துக் கட்டுப் போட்டுவிட்டு, மெல்லச் சொன்னான்: "மச்சான், இது வாசல் வழியா வரல. சுவத்தை இடிச்சுட்டு வந்திருக்கு. அமாஸ்தான் கையா இருந்தா கல்யாணத்தன்னைக்கே ரத்தம். போய்க் கெல்லாவைக் கூப்பிடு. ஒரு வாய்ச்சொல்தானே."

"கூப்பிட மாட்டேன்."

"செத்தாலுமா?"

"இன்னும் ஒரு பகல் இருக்குடா. நீ கிளம்பு."

அகாலி போனபின் பிளந்த இடத்தைப் பார்த்தான். நூல் அறுந்திருந்தது. தையல் பிசகவில்லை, தோலும் கிழியவில்லை. ஒவ்வொரு முறை உருவும்போதும் கத்தியின் கூர் நூலை உள்ளேயிருந்து நறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் கூர் வைத்த கத்தி இரண்டு பக்கத் தையலையும் தின்றிருக்கிறது. சரி, அப்படியானால் தன் கையில் இருக்கிற பச்சை உறையில் ஏன் நூல் அறுபடவில்லை? கல்யாணமான வருஷம் கெல்லா தைத்துக் கொடுத்தது. பதினோரு வருஷமாக ஆட்டை அறுக்க, கயிறு வெட்ட, ரொட்டி பிளக்க என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை உருவியிருப்பான்! உறையின் வாயை விரித்து உள்ளே பார்த்தான். இருட்டுதான் தெரிந்தது.

பிரித்துப் பார்க்கவேண்டும். அதற்குத்தான் மனசு வரவில்லை. கடன் பட்டாவது மாப்பிள்ளைக்கு வேறு உறை வாங்கிக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, அவளுடைய முதல் முடிச்சில் கத்தி நுனியை வைத்தான். முடிச்சு லேசில் விடவில்லை. ஒவ்வொரு தையலும் தனித்தனியாக எதிர்த்து நின்றது. அவள் கையே அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு 'ஏய்' என்பது போல இருந்தது.

மேல் தோலைத் தூக்கினான். இரண்டு தோலுக்கும் நடுவே, ஓரத்தை ஒட்டி, இரண்டு பக்கமும் ஒரு தடித்த தோல் வார் வைத்துத் தைத்திருந்தாள். வெளியே இருந்து பார்த்தால் அது இருப்பதே தெரியாது. கத்தியின் கூர் நூலை எட்டுவதற்கு முன்னால் அந்த வாரைத்தான் எட்டும். பதினோரு வருஷமும் எட்டியிருந்தது. வாரின் உள்விளிம்பு முழுக்க வெட்டு. வெட்டின் மேல் வெட்டு. கறி நறுக்குகிற பலகை போல அத்தனையும் வாங்கிக்கொண்டு கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு நூல், ஒரே ஒரு நூல்கூட அறுபடவில்லை. அவன் கையிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

உக்சம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உலை அணைந்ததைக் கவனிக்கவில்லை. பாவாடை என்று சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவன் சொன்னது ஒரு நாள் சொல்லா? வருகிறவன் போகிறவன் முன்னால் எத்தனை தடவை அவள் வேலையைத் தட்டிவிட்டுப் பேசியிருப்பான்! அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, மறுநாள் தேநீரும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அழுகை வந்தது. ஆண்பிள்ளை அழுவதை மறைக்கத்தான் அந்த ஊரில் தலைத்துணி கண் வரைக்கும் இருக்கிறதோ என்னவோ.

அழுதுவிட்டு எழுந்தான். சாமானைத் திரும்ப எடுத்துப் பரப்பினான். கத்தி, குத்தூசி, ஊசி, மெழுகு, எலும்பு, பலகை. புதுத் தோல் வெட்டினான். கெட்டித் தோலில் இரண்டு வார் வெட்டி ஓரத்துக்கு வைத்தான். மூன்று அடுக்கையும் சேர்த்துக் குத்தினான். குத்தூசி இறங்க மறுத்தது. மெழுகில் குத்தி எடுத்துவிட்டுக் குத்தினான், இறங்கியது. தைத்து முடித்தபோது ஒரு பக்கம் நேர், ஒரு பக்கம் குடிகாரன் நடை. அதைக் காயத்தின் மேலேயே கட்டிக்கொண்டு உருவினான், சொருகினான், கை வலித்து ஓயும் வரைக்கும். பிளக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றான். மருமகன் மாமியார் கண்ணில் படுவதே அந்த ஊரில் பாதிக் குற்றம். தலைத்துணியை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு தரையைப் பார்த்தான். மாமியாரும் அவனிடம் பேசவில்லை, கட்டியிருந்த ஆட்டிடம் பேசினாள். "வாசல்ல ஏதோ ஒரு துருத்தி வந்து நிக்குது. உள்ள இருக்கிறவளுக்குச் சொல்லு."

கெல்லா வந்தாள். அவன் புது உறையை நீட்டினான். அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயோ, என்ன இது, ஒட்டகம் தைச்சதா?"

"நான் தைச்சது."

"தெரியுது." கத்தியை உருவினாள், சொருகினாள். தையலைக் கட்டைவிரலால் நீவினாள். உறையின் வாய்க்குள் விரல் விட்டு ஓரத்தைத் தடவியவள் நின்றாள். "உள்ள வார் வெச்சிருக்கே. யாரு சொன்னா?"

உக்சம் இடுப்பிலிருந்து பச்சை உறையை எடுத்தான். பிரித்துக் கிடந்தது. அவள் முகம் மாறியது.

"என் தையலைப் பிரிச்சியா?"

"பிரிச்சேன்."

"எவ்வளவு திண்ணக்கம்..." என்று பிடுங்கியவள், வாரைப் பார்த்தாள். தைத்தபின் அதை அவளும் பார்த்ததில்லை. வெட்டுகளின் மேல் விரல் போயிற்று, திரும்பி வந்தது. "இவ்வளவா?"

"நான் உருவுறப்பல்லாம் அதுமேல பட்டிருக்கு. எனக்குத் தெரியவே இல்ல கெல்லா. தப்பு என்மேலதான்."

அவள் பச்சை உறையை மெல்ல மூடினாள். "பந்தயம் நீ ஜெயிச்சுட்டே. உறை கோணல்தான், ஆனா தாங்கும். போய் மாப்பிள்ளைகிட்ட கொடு. வந்து துருத்தி ஊதுறேன்."

"துருத்தி வேணாம். இதைத் தைச்சுக் கொடு. இதை நான் தைக்க மாட்டேன்."

"எங்கே, நீ எதை வெச்சுத் தைச்சே, அந்தச் சாமானைக் காட்டு." அவன் சாமான் கட்டிவந்த துணி முடிச்சை அவிழ்த்தான். எலும்பைப் பார்த்து மூக்கைச் சுளித்து எறிந்தாள். "கறி வாசனை." கத்தியைத் தள்ளிவைத்தாள். குத்தூசியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள், தன் பையில் போட்டுக்கொண்டாள். "இது நல்லா இருக்கு. இது எனக்கு."

"அந்தப் பழைய வாரையே வெச்சுத் தை."

"பழசு இனிமே தாங்காது. புதுசுதான் வெக்கணும், இன்னும் தடியா." அவள் அவனை நேராகப் பார்த்தாள். "இன்னும் எத்தனை வருஷம் உன்கிட்ட மாட்டணுமோ."

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். ஆட்டிடம் யாரோ, "இந்தத் துருத்திக்குத் தேநீர் வேணுமான்னு கேளு" என்றார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் கல்யாணக் கூடாரத்தின் முன்னால் பெண்கள் மேளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மேளம் கெல்லாவின் கையில். அலங்கரித்த ஒட்டகங்கள் அவர்களைச் சுற்றி வந்தன. கொல்லன் கூவுகிற நேரம் வந்தது. ஊர் முழுக்க உக்சமின் வாயையே பார்த்தது. அமாஸ்தானின் கையில் புது உறை இருந்ததால், பந்தயம் முடிந்துபோனது என்று அவர்களுக்குத் தெரியும். அதில் பலருக்கு வருத்தமும்கூட.

"மாப்பிள்ளைக் கத்தி என் கை!" என்று உக்சம் கூவினான். "உறையும் என் கை! கோணல்தான், சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சுக்கோங்க!"

சிரித்தார்கள். அகாலி எல்லாருக்கும் மேலே சிரித்தான்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோங்க!" உக்சம் இடது கையைத் தலைக்கு மேல் உயர்த்தினான். எல்லா ஆண்களின் கையிலும் உறை இருந்தது. அவன் கையில், காயக்கட்டின் மேல், பழைய துணியில் சுற்றிய கத்தி கயிற்றால் கட்டித் தொங்கியது. "யாரும் என்னைச் சொல்லச் சொல்லல. நான் ஜெயிச்சவன், நானே சொல்றேன். கெல்லா இல்லாம என் கத்தி அம்மணம்!"

தலைகளெல்லாம் மேளத்தின் பக்கம் திரும்பின. பிறகு பெண்கள் பக்கமிருந்து கெல்லாவின் குரல் வந்தது: "அதான் துணி சுத்தியிருக்கியே, உக்காரு!"

கூட்டம் அதிர்ந்தது. அவள் குனிந்து மேளத்தை ஓங்கி அடித்தாள். ஊருக்கே தாளம் பிடிக்கிறவள், அன்றைக்கு மூன்று அடி தப்பி அடித்தாள்.